ஸீனத்துக்குச் சுடுதண்ணி

நஸீறாவின் குசினியில் ஒரு பானைக்கும் மூடி கிடையாது. முதன்முறை வருகிற பெண்களுக்கு இது உடனே தென்படாது. தேத்தண்ணி குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவப் போகும்போதுதான் எதுவோ குறைகிறதே என்று சுற்றிப் பார்ப்பார்கள். பானைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக இருக்கும். எதிர்வீட்டு ஸீனத் மட்டும் கேட்டுவிட்டாள்.

“என்னடி நஸீறா, மூடியெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டியா?”

“கழுவ ஏலாம ஈக்கி. அதான்.”

ஸீனத் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் வாயாடிதான். ஆனாலும் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரிந்த வாயாடி.

சோற்றை நஸீறாவின் மகள் நுஹா காலையில் ஆக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சோறு கொதிக்கிற நேரத்தில் நஸீறா வீட்டுக்குள் இருக்கமாட்டாள். சந்து முனை வரைக்கும் போய், வராத மீன்காரனைப் பார்ப்பது போல நின்றுவிட்டு வருவாள். தேத்தண்ணிக்கான சுடுதண்ணியும் நுஹா நிரப்பிவைத்த பிளாஸ்கிலிருந்துதான். இப்படியே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக இறங்குகிற சந்துகளில் ஒன்றில், இரண்டு அறையும் ஒரு குசினியுமான வீடு. புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் விற்பனைக்கு நின்ற அவளுடைய கணவர் அலவி, கொரோனாவுக்கு முந்திய வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். “குடுத்து வச்ச மனுஷன், நல்ல காலத்துல மௌத்தானார்” என்று பின்னாளில் சனங்கள் சொன்னபோது நஸீறா மறுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் நஸீறாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் கல்யாண வீட்டில் அவளைக் கண்டால் சிலரின் சிரிப்பு பாதியில் நிற்கும். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றுகிறவள் அவள். மையித்துக்குச் செய்கிற கடைசிக் கடமை அது. சல்லிக்குச் செய்கிற வேலை இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் எத்தனை தாய்மார், எத்தனை குமர்ப்பிள்ளைகள் அவளுடைய கையால் கடைசிக் குளிப்புக் குளித்தார்கள் என்று அவள் கணக்கு வைத்ததில்லை.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மௌத்துச் செய்தி வந்ததும் அழுகிறவர்களிடம் அவள் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: “பெரிய பானையில தண்ணிய அடுப்புல வைங்க. நான் வாறன்.” அழுகிற வீட்டுக்கு அந்த வார்த்தை பெரிய உதவி. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். அவள் போய்ச் சேர்கிற நேரம் பானையின் மூடி ஆவியில் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் அபாயாவைக் கழற்றிக் கையை மடிப்பாள். சுடுதண்ணியில் பச்சைத் தண்ணி கலந்து, கைக்குழந்தையின் பாலைப் பார்ப்பது போல மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்ப்பாள். அந்த இடத்துத் தோலுக்கு இதமாக இருந்தால்தான் மையித்தின்மேல் ஊற்றுவாள். ஊற்றும்போது மையித்தோடு கதைப்பாள். “கையக் கொஞ்சம் தூக்கப் போறன்... இந்தா, முடிஞ்சி. இப்ப தல. கண்ணுல படாது, பயப்படாதீங்க.” கூட நின்று தண்ணி எடுத்துக் கொடுப்பவர்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கும். பிறகு அவர்களும் “இந்தாங்க உம்மா, முடிஞ்சி” என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அவளுடைய கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ஜவாஹிறா, மாளிகாவத்தை மாடிவீட்டுத் தொகுதியில் இருந்தாள். இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டின் கடைசி மாதங்களில், கொரோனா என்று அந்த மாடிகளைச் சுற்றிப் பொலிஸ் நின்றது. உள்ளே இருந்தவர் வெளியே வரமுடியாது. வெளியே இருந்தவர் உள்ளே போகமுடியாது. ராத்தாவுக்கு மூச்சு முட்டி அம்புலன்ஸில் ஏற்றிய செய்தியும், பிறகு மௌத்தான செய்தியும் நஸீறாவுக்குத் தொலைபேசியில்தான் வந்தன. ராத்தாவின் மகன் இப்ஹாம் அழைப்பு எடுத்திருந்தான். அவனுடைய குரலே அவனுடையதாக இல்லை.

“சாச்சி, பிசிஆர் முடிவு இன்னம் வரல்ல. நெகட்டிவ் எண்டா மையித்தத் தருவாங்களாம்.”

பொசிட்டிவ் என்றால் என்ன என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. குளிப்பாட்டவும் முடியாது, அடக்கவும் முடியாது. நாட்டிலுள்ள ஒவ்வொரு முஸ்லிம் வீடும் அந்தப் பயத்தோடுதான் தும்மியது, இருமியது. நஸீறாவுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அவளுடைய கை பெரிய அலுமினியப் பானையை எடுத்தது, நிரப்பியது, அடுப்பில் ஏற்றியது, மூடியைப் போட்டது. மாளிகாவத்தைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், இங்கேதான் கொண்டுவருவார்கள் என்று அவளாகவே முடிவும் செய்துகொண்டாள். முன்னறையைக் கழுவினாள். குளிப்புத் தண்ணியில் போட இலந்தை இலையை இடித்தாள். கற்பூரத்தை எடுத்து வைத்தாள்.

தண்ணி கொதித்தது. மூடி ஆடியது. தண்ணி வற்றினால் மேலும் ஊற்றினாள். நுஹா குசினிக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் சாப்பாட்டு நேரம் கடந்து இப்ஹாம் மறுபடியும் அழைப்பு எடுத்தான். இந்த முறை அவன் அழவில்லை. வைத்தியசாலையில் ஒருவர் அவனிடம் சிங்களத்தில் சொன்னதைச் சொன்னபடியே ஒப்புவித்தான்: “‘மல்லி, பொடி எக தென்ன பே’ எண்டு சொல்லிட்டாங்க சாச்சி. பொடி எண்டுதான் சொன்னாங்க. உம்மா எண்டு சொல்லல்ல.”

தம்பி, உடலைத் தரமுடியாது. அவ்வளவுதான். நஸீறா தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரோரமாகக் குந்தினாள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க எவருக்கும் கை வரவில்லை. அணைத்தால் ராத்தா வரமாட்டாள் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தச் சின்ன வீட்டில் மூடி ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது: தடதட, தடதட, யாரோ வெளியே நின்று கதவைத் தட்டுவது போல. பின்னேரம் கேஸ் தீர்ந்து நெருப்புத் தானாகவே அணைந்தது. பானையின் அடி கருகிப் போயிருந்தது.

சாம்பலை எடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்ஹாம் போகவில்லை.

பிறகு சட்டம் மாறியது. எரிப்பது நின்றது. வருஷம் திரும்பி ஊரடங்கும் முகக்கவசமும் போயின. சனங்கள் பழையபடி கல்யாணங்களுக்குப் போய்ப் பிரியாணியில் உப்புக் குறை என்றார்கள். நஸீறாவும் பழையபடி கையை மடித்துக்கொண்டு புறப்பட்டாள். ஜம்பட்டா வீதியில் ஒரு வயோதிகப் பெண்ணின் மையித்து. எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அடுத்த அறையில் மூடி ஆடத் தொடங்கியது.

முதலில் காது அடைத்தது. தலைக்குள் யாரோ தண்ணி நிரப்புவது போல. பிறகு நெஞ்சு அடித்தது. ஓடிவந்தவளுக்கு அடிப்பது போல இல்லை, பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவர் கதவை உதைப்பது போல. விரல்கள் நுனியிலிருந்து குளிர்ந்து மரத்து வந்தன. கையில் இருந்த சாடி விழுந்ததைச் சத்தத்தால்தான் அறிந்தாள், கை அறியவில்லை. யாரோ கதிரை போட்டார்கள், சீனி போட்ட தண்ணி கொடுத்தார்கள்.

“முழங்கால் நோவு,” என்று நஸீறா சொன்னாள். “நிக்க ஏலாமப் பெய்த்து.”

அந்தப் பொய் வசதியாக இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோதும் முழங்கால், அதற்கடுத்த வீட்டுக்கும் முழங்கால். முழங்கால் நோவுக்கு ஊரே தைலம் கொண்டுவந்து கொடுத்தது. மௌத்துக் காரியம் பார்க்கிற பள்ளிவாசலின் ஜனாஸாக் குழுவில் பஹ்மியா என்றொரு சுறுசுறுப்பான இளம் பெண் இருந்தாள். வேலை அவளுடைய கைக்குப் போனது.

நஸீறா வீட்டிலிருந்த மூடிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றினாள். ஆனால் இந்தப் பயம் ஒரு மூலை கேட்டு வந்து வீடு முழுவதையும் பிடித்துக்கொள்கிற வகை. முதலில் மூடிச் சத்தம் மட்டும்தான். பிறகு மூடி இல்லாமலே தண்ணி கொதிக்கிற சத்தம். பிறகு ஆவியின் மணம். பொலித்தீன் சரசரப்பு. வங்கி வாசலில் கைக்கு அடிக்கிற திரவத்தின் வாசம். ஒருமுறை பஸ்ஸில் பின் இருக்கைக்காரி இருமிய இருமல் ராத்தாவின் இருமல் போலவே இருந்தது. நஸீறா தன் தரிப்புக்கு வெகு முன்னரே இறங்கி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

நுஹா அவளை விடவில்லை. தான் வேலை செய்கிற வெள்ளவத்தையிலேயே, காலி வீதி மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் நிஷாந்தி நஸீறாவின் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“அம்மா, உங்கட இதயத்தில ஒரு பிழையும் இல்ல. ஆனா நீங்கள் பொய் சொல்லேல்ல எண்டும் எனக்குத் தெரியும். எந்த நேரம் இப்பிடி வருது? யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நஸீறா மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். “தண்ணி கொதிக்கக்கொள்ள,” என்றாள்.

நுஹா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டொக்டர் கேட்டார்; நஸீறா பானையைப் பற்றிச் சொன்னாள். ராத்தாவைப் பற்றிச் சொல்லவந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டொக்டர் அவசரப்படவில்லை.

“அந்த நாள் முடிஞ்சு போச்செண்டு உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு ஒருத்தரும் சொல்லேல்ல,” என்றார் கடைசியில். “எனக்கும் இருக்கு அம்மா. அந்த நேரம் நான் வார்ட்டில நிண்டனான். இப்பவும் அந்தக் கவச உடுப்ப எங்கயாவது கண்டா முதுகெல்லாம் வேர்க்கும். இதுக்கெண்டு படிச்ச டொக்டர்மார் இருக்கினம். ஒருத்தரிட்ட அனுப்பட்டா?”

“பைத்தியத்துக்குப் பாக்கிறவங்களா?”

“பயத்துக்குப் பாக்கிறவை.”

நஸீறா தலையாட்டினாள், போகவில்லை. போனால் ராத்தாவைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மூடியில்லாத குசினியோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஸீனத்துக்கு நோய் வந்திராவிட்டால் ஓட்டியும் இருப்பாள்.

ஸீனத்துக்கு வயிற்றில் கட்டி. பட்டிஸும் ரோல்ஸும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்து மகள் ருஷ்தாவை வளர்த்து ஆளாக்கியவள். எண்ணெய்ச் சட்டியடியில் நின்றே பருத்த உடம்பு சில மாதங்களில் கட்டிலோடு ஒட்டிப்போனது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நஸீறா தினமும் சந்தின் எதிர்ப்பக்கம் போய் அவளுடைய கட்டிலோரம் இருப்பாள்.

“எனக்குத் தெரியும், ஒனக்கு முழங்கால் இல்ல,” என்று ஒருநாள் ஸீனத் சொன்னாள்.

“முழங்கால் இல்லாம எப்படி நடக்கிற?”

“வாயப் பாரு. மூடிய ஒளிச்சி வைக்கிறவளுக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியாதா? அண்டைக்கு ஒன்ட வீட்டு மூடிச் சத்தம் எனக்கும் கேட்டுது. பின்னேரம் வரைக்கும் கேட்டுது. நான் ஜன்னலச் சாத்தினன். வந்து ஒன்னோட இருக்கல்ல. ஊரடங்கு எண்டு சொல்லிக்கொண்டு இருந்திட்டன்.”

 ஸீனத் நஸீறாவின் விரல்களைத் தேடிப் பிடித்தாள்.

“என்ன நீதான் குளிப்பாட்டோணும்.”

“எனக்கு ஏலாடி. பஹ்மியா நல்லாச் செய்வா.”

“அவள் செய்வாள், தாறா வாத்துக்கு ஊத்துற மாதிரி பச்சத் தண்ணிய ஊத்தி. எனக்குப் பச்சத் தண்ணி ஆகாது எண்டு ஒனக்குத் தெரியும். சித்திரை வெயில்லயும் சுடவச்சிக் குளிக்கிறவள் நான். பச்சத் தண்ணி ஊத்தினா எழும்பி ஓடிருவன். பிறகு ஜனாஸாவ யார் தூக்குற?”

சிரிப்பு வந்தது; சிரிப்போடு ஸீனத்துக்கு நோவும் வந்தது. நோவு அடங்கியதும் அவள் மறுபடியும் சொன்னாள், இந்த முறை பகிடி இல்லாமல்: “ஆஸ்பத்திரில எல்லாரும் கைக்கு உறை போட்டுத்தான் என்னத் தொட்டாங்க. கடைசியாவது ஒரு மனுஷி கை படட்டும் நஸீறா. ஒன்ட கை.”

நஸீறா “சரி” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

மறுநாள் நுஹா வேலைக்குப் போன பிறகு நஸீறா ஒரு சின்னச் சட்டியில் தண்ணி வைத்தாள். மூடிக்குப் பதில் ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்தாள். குசினிக் கதவைத் திறந்துவைத்து, ஓதத் தெரிந்ததெல்லாம் ஓதிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். தண்ணி முதலில் முணுமுணுத்தது. தட்டு இலேசாக ஆடியது. இது சட்டி, இது தட்டு, ராத்தா மௌத்தாகி வருஷக்கணக்கு, என்று அவள் உடம்புக்குச் சொன்னாள். உடம்பு கேட்கவில்லை. குசினியே சுருங்கி வந்தது. பின்னேரம் நுஹா வந்தபோது தாய் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில், தலையை முழங்காலுக்குள் புதைத்துக் குந்தியிருந்தாள். அடுப்பு மட்டும் அணைந்திருந்தது. எப்படி அணைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

“ஏன் உம்மா ஒங்களையே இப்படி வதைக்கிறீங்க?”

“சொல்லிட்டன் மவள். ஸீனத்தக் குளிப்பாட்ட ஓ எண்டு சொல்லிட்டன்.”

“அப்ப நான் கேத்தில்ல தண்ணி சுடவச்சி, வாளி வாளியா எதிர்வீட்டுக்குக் கொண்டுவாறன். நீங்க அடுப்புப் பக்கமே போக வேணாம். ருஷ்தாட்டயும் சொல்லி வைக்கிறன், பானை வைக்க வேணாமெண்டு.”

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நுஹா கடையிலிருந்து பெரிய மின்சாரக் கேத்தில் ஒன்றும் வாங்கிவந்தாள். கொதித்ததும் டக்கென்று தானாக நின்றுவிடும். நஸீறா அதைப் பல தடவை போட்டுப் பார்த்தாள். முகம் வேர்த்தது, ஆனால் நிற்க முடிந்தது. அன்று முதல் கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஸீனத் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மௌத்தானாள். வெயில் சந்துக்குள் அப்போதுதான் இறங்கியிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து ருஷ்தா வெளியே வந்து, செருப்பில்லாமல் நடுச்சந்தில் நின்றாள்.

“சாச்சி... உம்மா...”

அதற்குமேல் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. வாசலில் நின்ற நஸீறாவின் வாய் திறந்தது. இருபது வருஷம் பழகிய வாய். எவரிடமும் கேட்காமல் அது தன் வேலையைச் செய்தது.

“பெரிய பானையில தண்ணிய அடுப்புல வைங்க. நான் வாறன்.”

ருஷ்தா தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நுஹா சொல்லிவைத்தது எதுவும் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் நினைவில் இல்லை; அழுகிறவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். சொன்ன வார்த்தை தன் காதில் விழுந்து, அதன் பொருள் நெஞ்சுக்குள் இறங்கும்போது நஸீறா அபாயாவின் ஒரு கைக்குள் கையை நுழைத்திருந்தாள். நுஹா கேத்திலோடு ஓடிவந்தாள்.

“உம்மா! என்ன சொன்னீங்க அவக்கிட்ட?”

“என்ட வாயி,” என்றாள் நஸீறா. “என்ட வாயே...”

அவர்கள் போய்ச் சேரவும், சொந்தக்காரர்கள் நிறையவும், முன்னறையில் திரை கட்டிப் பலகை போடவும் நேரம் சரியாக இருந்தது. நுஹா கேத்திலுக்கு இடம் தேடினாள். ஸீனத் வீட்டுக் குசினியில் இருந்த ஒரே பிளக்கில் அரைக்கிற இயந்திரத்தின் வயர் இறுகிக் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து அடுப்பில் பானை பொங்கிவிட்டது. மூடி ஆடத் தொடங்கியது.

திரைக்குள்ளே பஹ்மியா பொலித்தீன் மேலங்கி கட்டி, முகக்கவசம் போட்டு, கைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சாச்சி, நீங்களும் கிளவுஸ் போடுங்க.”

“எனக்கு வேணாம்.”

“கென்ஸர் மையித்து சாச்சி, மருந்து தண்ணியெல்லாம்...”

“வேணாம் மவள்.”

கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்ற அந்த உருவத்தைப் பார்க்காமல் இருக்க நஸீறா ஸீனத்தின் முகத்தையே பார்த்தாள். காது அடைக்கத் தொடங்கியிருந்தது. குசினியில் தடதட, தடதட. நெஞ்சுக்குள் பூட்டிய அறையை உதைக்கிற கால் மறுபடியும் உதைத்தது. ருஷ்தா சுடுதண்ணி வாளியையும் பச்சைத் தண்ணி வாளியையும் கொண்டுவந்து வைத்தாள். நஸீறா கலந்தாள். சாடியில் மொண்டு, மணிக்கட்டை நீட்டி, உள்பக்கத்தில் ஊற்றினாள்.

ஒன்றும் தெரியவில்லை.

மறுபடியும் ஊற்றினாள். தண்ணி தோலில் வழிந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. சூடா, குளிரா, இதமா, எதுவும் இல்லை. கை முழங்கை வரைக்கும் மரத்துப் போயிருந்தது. இருபது வருஷமாக அவள் நம்பிய அந்த ஒரு சாண் தோல் செத்தவளுடைய தோலைப் போலவே சும்மா கிடந்தது. சுடுதண்ணியை மட்டும் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். அதுவும் தெரியவில்லை.

பஹ்மியா பார்த்துக்கொண்டிருந்தாள். நஸீறா ருஷ்தாவின் பக்கம் திரும்பினாள்.

“ருஷ்தா. ஒன்ட கையக் கொண்டா.”

ருஷ்தா கையை நீட்டினாள். நஸீறா கலந்த தண்ணியை அவளுடைய மணிக்கட்டில் ஊற்றினாள்.

“எப்படி? உம்மாக்குச் சரியா?”

“கொஞ்சம் குளிர் சாச்சி.” ருஷ்தா உதட்டைக் கடித்தாள். “உம்மா இன்னம் சூடாத்தான் குளிப்பா.”

சுடுதண்ணி சேர்த்தாள். ஊற்றினாள். ருஷ்தா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

பிறகு குளிப்பாட்டத் தொடங்கினார்கள். முறைப்படி சுத்தம் செய்து, தொழுகைக்குப் போல வுழூச் செய்து, தலையைக் கழுவி, வலப்பக்கம். நஸீறா தன் கையைத் தான் பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டியிருந்தது, இன்னொருவரின் கையைப் பிடித்து நடத்துவது போல. தோளில் தேய்த்தாள், விலாவில் தேய்த்தாள். மெலிந்த எலும்புகள் கண்ணுக்குத்தான் தெரிந்தன. மையித்தோடு கதைக்க வேண்டும், அதுதான் முறை. வாய் காய்ந்து போயிருந்தது. “ஸீனத்” என்று மட்டும் வந்தது. “ஸீனத், சூடு சரியாம். ஒன்ட மவள் பாத்தா.”

வலது காலின் விரல்கள் வரைக்கும் வந்தாள். இடப்பக்கத்துக்காகப் பலகையைச் சுற்றி வரும்போது பஹ்மியாவின் மேலங்கி சரசரத்தது. குசினியில் மூடி ஒருமுறை துள்ளி விழுந்தது. நஸீறா பலகையைப் பிடித்தாள், அல்லது பிடித்ததாக நினைத்தாள். தரை மேலே வந்தது.

அவள் மயங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். எழும்பத்தான் முடியவில்லை, கால் அவளுடையதாக இல்லை. பல் கிட்டித்துப் போயிருந்தது. பஹ்மியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, “நீங்க அப்படியே இருங்க சாச்சி, நான் பாக்கிறன்,” என்று இடப்பக்கத்தைத் தொடர்ந்தாள். கையுறையோடு. நஸீறா தரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், உறையைக் கழற்று, அவள் கேட்டது அதைத்தான், என்று சொல்லப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. ருஷ்தா தண்ணி எடுத்துக் கொடுத்தாள். கற்பூரத் தண்ணி ஊற்றினார்கள். கூந்தலை மூன்றாகப் பின்னினார்கள். எல்லாம் முறையாகவே நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கபனிட்டு, முகம் காட்டி, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் கலிமா ஓதுகிற சத்தம் சந்து முனையில் திரும்பித் தேய்ந்தது. அழுதுகொண்டு பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். வெறுமையான வீட்டுக்குள் நஸீறாவும், குசினியில் அந்தச் சத்தமும் மட்டும். அடுப்பை எவரும் அணைக்கவில்லை.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பினாள். குசினி வாசலில் கால் நின்றுவிட்டது. ஆவி ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தது. யாரையாவது கூப்பிடலாம். நுஹா வாசலில்தான் நிற்கிறாள். நஸீறா கூப்பிடவில்லை. கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெருப்பின் வெக்கை முகத்தில் அடிக்கிற பக்கமாகக் கையை நீட்டி, தடவி, திருகினாள். மூடி இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு நின்றது. அவளுடைய நெஞ்சு நிற்கவில்லை. அது அதன்பாட்டில் உதைத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து பாயில் சரிந்தவளுக்கு நுஹா இனிப்புத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“ஒங்களால ஏலுமானதச் செஞ்சீங்க உம்மா. ஸீனத் சாச்சி பொருந்திக்கொள்ளுவா.”

“வலப்பக்கம் நான்,” என்றாள் நஸீறா. “இடப்பக்கம் உறதான் பட்டுது.”

நுஹாவுக்கு விளங்கவில்லை. விளக்க நஸீறாவுக்கும் தெம்பில்லை. கோப்பையை வாங்க அவள் கையை நீட்டியபோது நுஹா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டின் உள்பக்கம் சிவந்து, தோல் கொப்புளித்து, தண்ணி கோர்த்திருந்தது.

“யா அல்லாஹ்! எப்ப சுட்டுக்கொண்டீங்க? நோகல்லயா உம்மா?”

நஸீறா கொப்புளத்தை உற்றுப் பார்த்தாள். மற்றக் கையின் விரலால் மெதுவாகத் தொட்டாள். பிறகு அழுத்தினாள். அடுத்த வீட்டில் யாரோ கறிக்குத் தாளிக்கிற சத்தம் வந்தது. அவள் காத்திருந்தாள்.

“இன்னம் இல்ல,” என்றாள்.